கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன்: வாழ்வும் பணியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இத்தகைய விழாக்களில் பேரறிஞர்களையும் பெருந்தலைவர்களையும் பற்றிப் பேசுவதே மரபு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரின் வரலாறு. கல்விச் சங்கத்தின் விழாவில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். “பந்து சோறு போடுமா?” என்ற கேள்வி நம் வீடுகளில் இன்றும் கேட்கிறது. அக்கேள்வியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். முதல் தலைமுறையாகப் பள்ளி வாயிலை மிதித்த பிள்ளை ஓராண்டு தவறினால், மறுபடி ஓர் ஆண்டு கிடைக்கும் என்ற உறுதி அவன் பெற்றோர்க்கு இருந்ததில்லை. அந்த அச்சத்திலிருந்து பிறந்த கேள்வி அது.

ஆயினும், நாம் இன்று நினைவுகூரும் மனிதர் ஆடுகளத்தை வகுப்பறையின் மற்றோர் அறையாகவே கண்டவர். அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் கறுப்பின மக்களுள் பிறந்தவர். கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக 500-க்கும் மேற்பட்ட வெற்றிகளைக் கண்டவர். வெற்றிகளின் எண்ணிக்கைக்காக மட்டும் நாம் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் ஒரு குறிப்பிட்ட வகைக் கதவைச் சந்தித்தார். அது முழுதும் மூடிய கதவன்று. பாதி திறந்த கதவு. உள்ளே வரலாம், ஆனால் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் கதவு. அத்தகைய கதவுகளை நம்மவரும் நன்கறிவர். அவற்றின் முன் அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே இவ்வுரையின் பொருள்.

இளமை

மெக்லெண்டன் 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்தில் ஹயவாத்தா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1918-இல் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சலில் அவர் தாயார் மறைந்தார். பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளுக்குப் பின், தந்தையார் மறுமணம் செய்துகொண்டபோதுதான் அக்குடும்பம் மீண்டும் ஒன்றுகூடியது. கான்சாஸ் மாநிலத்துக் கான்சாஸ் நகரில் அவர்கள் குடியேறினர்.

அங்குப் பள்ளியில்தான் சிறுவன் ஜான் முதன்முதலில் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டான். கண்ட அன்றே அதற்கு ஆட்பட்டான். ஆனால் உடற்கட்டும் உயரமும் அவனுக்கு வாய்க்கவில்லை. கறுப்பின மாணவர்க்கென அமைந்திருந்த சம்னர் உயர்நிலைப் பள்ளியின் அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் மனம் ஒடிந்து விலகிவிடவில்லை. அணியின் மேலாளனாக, வீரர்களுக்கு வேண்டியவற்றைக் கவனிப்பவனாக, ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றான். ஓரத்தில் நின்றவன் ஆட்டம் முழுவதையும் கண்டான். தான் ஆட முடியாத ஆட்டத்தைக் கற்பிப்பவனாக வேண்டும் என்ற முடிவுக்கு அந்த வயதிலேயே வந்தான்.

நெய்ஸ்மித்தின் மாணவர்

கூடைப்பந்து பழமையான ஆட்டமன்று. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அதனை உருவாக்கினார். குளிர்காலத்தில் வெளியே செல்ல இயலாத மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காகப் பழக் கூடைகள் இரண்டை மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அந்த நெய்ஸ்மித் பின்னர்க் கான்சாஸ் பல்கலைக்கழகத்திற்கு வந்து நெடுங்காலம் பேராசிரியராய் இருந்தார்.

1933-இல் மெக்லெண்டன் அப்பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி மாணவராகச் சேர்ந்தார். மகனைக் கொண்டுவந்து விட்ட தந்தையார், “இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் இங்கேதான் இருக்கிறார், அவரைத் தேடிப்போய், உனக்கு வழிகாட்டும்படி கேள்” என்று சொல்லி அனுப்பினாராம். மகனும் அவ்வாறே நெய்ஸ்மித்தின் அறைக்குள் நுழைந்து, தந்தையார் சொன்னதைச் சொன்னான். முதியவர் அவனை ஏற்றுக்கொண்டார். நம் பெற்றோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தமக்கு அறிமுகமில்லாத பேராசிரியரிடம் தம் பிள்ளை நேரே சென்று கேட்கலாம் என்று அத்தந்தை நம்பினார். அந்த நம்பிக்கையே பிள்ளைக்குக் கிடைத்த முதற்செல்வம்.

ஆனால், பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டதே தவிர, அதன் கூடைப்பந்து அணி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பின மாணவர்க்கு அவ்வணியில் அன்று இடமில்லை. முதற் கறுப்பின வீரர் அவ்வணியில் ஆட 1951 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆட்டத்தை உருவாக்கியவரிடமே பாடம் கேட்ட மாணவன், அந்த ஆட்டத்தைத் தன் கல்லூரிக்காக ஆட இயலவில்லை. இதுவே அவர் சந்தித்த முதற் பாதிக் கதவு.

நீச்சல்குளம்

இரண்டாவது கதவு நீச்சல்குளத்தில் இருந்தது. உடற்கல்விப் பட்டம் பெறுவோர் நீச்சலிலும் தேர்ச்சி பெற வேண்டும். ஆனால் வெள்ளை மாணவர் நீந்தும் குளத்தில் கறுப்பின மாணவர் இறங்கும் வழக்கமில்லை. மெக்லெண்டன் ஒருநாள் அக்குளத்தில் இறங்கி நீந்தினார். அவர் கரையேறியபின், குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. அவர் மீண்டும் சென்றார். நெய்ஸ்மித் அவர் பக்கம் நின்றார். முடிவில் வழக்கம் தளர்ந்தது. குளம் கறுப்பின மாணவர்க்கும் திறந்தது.

இச்செய்தியைக் கேட்கும்போது நம் நெஞ்சில் எழும் நினைவு எது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் அக்குளம் ‘தூய்மை’ செய்யப்பட்டது. மகாத்துக்கும் கான்சாஸுக்கும் இடையே கடல்கள் கிடக்கின்றன. மொழி வேறு, சமயம் வேறு, ஒடுக்குமுறையின் தோற்றம் வேறு. ஆயினும் ஒரு மனிதன் தொட்ட நீர் மாசுபட்டது என்று எண்ணும் மனம் ஒன்றாகவே இருந்தது.

மெக்லெண்டன் இங்குக் கைக்கொண்ட முறையைக் கவனியுங்கள். அவர் சலுகை கேட்கவில்லை. நீச்சல் தெரிய வேண்டும் என்ற விதி எல்லார்க்கும் பொது. ஆகவே குளமும் எல்லார்க்கும் பொதுவாக வேண்டும் என்றார். நிறுவனம் எழுதிவைத்த விதியையே பற்றிக்கொண்டு நின்றார். 1936-இல் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதற் கறுப்பின மாணவர் அவரே. அடுத்த ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

டர்காமில் ஆற்றிய பணி

1937-இல் அவர் வட கரோலினா மாநிலத்தின் டர்காம் நகரில், நீக்ரோ மாணவர்க்கான வட கரோலினாக் கல்லூரியில் பணியேற்றார். அக்கல்லூரியின் பெயரே அன்றைய ஒதுக்கலை அறிவிப்பதாக இருந்தது. இன்று அது வட கரோலினா மையப் பல்கலைக்கழகம் எனப்படுகிறது. 1940-இல் தலைமைப் பயிற்சியாளரான மெக்லெண்டன், 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அந்நாளில் கூடைப்பந்து மெதுவாக ஆடப்பட்டது. பந்தைப் பெற்ற அணி நின்று நிதானித்து, பல கைகள் மாற்றி, நல்ல வாய்ப்பு வரும்வரை காத்திருக்கும். மெக்லெண்டன் இம்முறையை மாற்றினார். எதிரணியிடமிருந்து பந்து கைக்கு வந்த நொடியில் ஐவரும் எதிர்க் கூடையை நோக்கி ஓட வேண்டும். எதிரணி தன் இடத்தில் நிலைகொள்ளுமுன் பந்து கூடைக்குள் விழ வேண்டும். இது விரைவுத் தாக்குதல். பந்து எதிரணியிடம் இருக்கும்போதும் தன் பாதிக்குள் பின்வாங்கி நிற்கலாகாது. களத்தின் எம்மூலையில் பந்து இருந்தாலும் அங்கேயே நெருக்கித் தடுக்க வேண்டும். இது முழுக்களத் தடுப்பு. களம் முழுவதும் ஆடுவதற்கே உரியது என்னும் இக்கருத்தின் வித்தை நெய்ஸ்மித்திடமிருந்து பெற்றதாகவே அவர் கூறிவந்தார்.

இம்முறைக்கு மூச்சு வேண்டும். நாற்பது நிமிடமும் ஓடத்தக்க உடல் வேண்டும். ஆகவே, பருவம் தொடங்குமுன் அவர் தம் மாணவர்களைக் காடும் மேடும் ஓடவைத்தார். அதற்குப் பின்னரே பந்தைத் தொடவிட்டார். குரலை உயர்த்தாத மனிதர் அவர். ஆனால் பயிற்சியில் இளக்கம் காட்டாதவர். உயரமான வீரர்கள் எல்லாக் கல்லூரிக்கும் கிடைப்பதில்லை. பொருள் வசதியும் அவ்வாறே. ஆனால் ஓடிப் பழகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தம்மிடம் உள்ளது எது என்பதை எண்ணிப் பார்த்து, அதன்மேல் ஓர் ஆட்டமுறையையே அவர் கட்டினார். 1965-இல் விரைவுத் தாக்குதல் முறையை நூலாகவும் எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆடப்படும் விரைவான கூடைப்பந்துக்கு வழி வகுத்தவர்களுள் அவர் ஒருவர்.

பூட்டிய அரங்கில் ஓர் ஆட்டம்

இனி, நாம் விரிவாகக் கூற விரும்பும் நிகழ்ச்சிக்கு வருகிறோம். அது 1944-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. டர்காம் நகரில் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் எல்லாம் தனித்தனி: பள்ளி தனி, உணவுக்கூடம் தனி, பேருந்தில் இருக்கையும் தனி. இந்த ஒதுக்கல் வெறும் மரியாதைக் குறைவாக நின்றுவிடவில்லை. அதே ஆண்டு சூலையில், பேருந்தின் பின்பகுதிக்கு நகரத் தயங்கிய கறுப்பினப் படைவீரர் ஒருவரை வெள்ளை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அந்த ஓட்டுநரை விடுதலை செய்தது. நாம் சொல்லவிருக்கும் ஆட்டம் எத்தகைய ஊரில் நடந்தது என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

அவ்வூரில் மற்றொரு கல்வி நிலையமும் இருந்தது. அது வெள்ளையர்க்கான டியூக் பல்கலைக்கழகம். அதன் மருத்துவப் பள்ளியில் போர்க்காலப் பயிற்சி பெற்றுவந்த மாணவர்களுள், வெவ்வேறு கல்லூரிகளில் முன்னர் ஆடிப் பெயர்பெற்ற வீரர்கள் பலர் இருந்தனர். அவர்கள் அமைத்த அணி வலிமை மிக்கது. மெக்லெண்டனின் அணியோ அப்பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. இரு கல்வி நிலையங்களின் கிறித்தவ இளைஞர் சங்க மாணவர் சிலர் மறைவாகக் கூடி வழிபட்டுப் பேசுவதுண்டு. ஊரில் சிறந்த அணி எது என்ற பேச்சு அவர்களிடையே எழுந்தது. பேச்சு அறைகூவலாயிற்று. மெக்லெண்டன் அதனை ஏற்றார்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. ஊரார் கோயிலில் வழிபாட்டில் இருக்கும் காலை வேளையை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். காவலர்களும் வழிபாட்டில்தான் இருப்பர். வெள்ளை மாணவர்கள் கடன்வாங்கிய வண்டிகளில் சுற்றுவழியே வந்து, முகம் தெரியாதபடி மேலங்கியால் மூடிக்கொண்டு உடற்பயிற்சி அரங்குக்குள் நுழைந்தனர். கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர் இல்லை. நடுவர் இருந்தார், கடிகாரம் இருந்தது. விவரம் அறிந்த மாணவர் சிலர் சன்னல் விளிம்பில் தொற்றி நின்று பார்த்தனர்.

தொடக்கத்தில் இரு பக்கமும் கைகள் நடுங்கின. எளிய வீச்சுகளும் தவறின. வெள்ளையரோடு தோள் உராய ஆடுவது அக்கறுப்பின இளைஞர்களுக்குப் புதிது, மற்றவர்க்கும் அவ்வாறே. சில நிமிடங்கள் சென்றன. எதிரே நிற்பவனும் தவறு செய்கிறான், களைக்கிறான், வியர்க்கிறான் என்பதை அவர்கள் கண்டனர். பின்னர் மெக்லெண்டனின் பிள்ளைகள் ஓடத் தொடங்கினர். மலையும் மேடும் ஓடிப் பழகிய கால்கள் அவை. ஆட்டம் முடிந்தபோது 88-க்கு 44 என்ற கணக்கில் அவர்கள் வென்றிருந்தனர்.

அதோடு நிற்கவில்லை. சிறிது ஓய்வுக்குப் பின், இரு அணியினரும் தம்முள் கலந்து, புதிதாக இரண்டு அணிகளாகப் பிரிந்து மீண்டும் ஆடினர். கறுப்பனும் வெள்ளையனும் ஒரே பக்கத்தில் நின்று பந்தைக் கைமாற்றிக்கொண்டனர். ஆட்டம் முடிந்து மாணவர் விடுதியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, விருந்தினர் வந்த வழியே திரும்பினர்.

எந்தச் செய்தித்தாளும் இதனை வெளியிடவில்லை. வெளிவந்திருந்தால் மெக்லெண்டன் வேலையை மட்டுமன்றி உயிரையும் இழந்திருக்கக் கூடும். கலந்துகொண்டவர்கள் வாய்திறவாமல் இருந்தனர். அரை நூற்றாண்டு கழிந்தபின், 1996-இல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்னும் வரலாற்று ஆசிரியர் உயிரோடிருந்தவர்களைத் தேடிக் கேட்டு, அமெரிக்க இதழொன்றில் எழுதியபின்னரே உலகம் இதனை அறிந்தது.

சிலர் கேட்கலாம்: மறைவில் பெற்ற வெற்றியால் என்ன பயன்? பட்டம் இல்லை, கோப்பை இல்லை, கைதட்டல் இல்லை. அந்த ஆட்டம் சட்டத்தை மாற்றவில்லை. பேருந்தின் பின் இருக்கையை மாற்றவில்லை என்பதும் உண்மையே. ஆனால், ‘அவர்கள் நம்மைவிட மேலானவர்கள்’ என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நாற்பது நிமிட நேரம் ஒரே விதியின்கீழ் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினர். அதன்பின் அச்சொல்லை அவர்கள் நம்பியிருக்க முடியாது. தம் மாணவர்க்கு அந்த அறிவைத் தருவதற்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்த ஆசிரியரை நாம் எவ்வளவு போற்றினாலும் தகும்.

தமக்கெனத் தாமே அமைத்த அரங்கு

பிறர் கதவைத் தட்டுவதோடு அவர் நிற்கவில்லை. 1946-இல், கறுப்பினக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புக்கென ஒரு போட்டித் தொடரைத் தொடங்க மெக்லெண்டனும் வேறு மூன்று பயிற்சியாளர்களும் முயன்றனர். கையிலிருந்த தொகை 500 டாலர். வாசிங்டன் நகரில் டர்னர் அரங்கம் என்ற எளிய இடத்தை அமர்த்தித் தொடரை நடத்தினர். முதலாண்டிலேயே மெக்லெண்டனின் கல்லூரி பட்டம் வென்றது. அத்தொடர் இன்றும் ஆண்டுதோறும் நடைபெற்றுவருகிறது. நால்வர் கூடி, சிறுதொகையை வைத்துத் தொடங்கிய அமைப்பு எவ்வாறு நிலைபெறும் என்பதை, உண்டியல் காசிலும் மாதச் சந்தாவிலும் வளர்ந்த சங்கத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் பயிற்சியில் வளர்ந்தவர்களும் தடைகளைத் தாண்டினர். அவர் மாணவர் அரால்டு ஹண்டர் 1950-இல் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் தொழில்முறை அணியொன்றோடு ஒப்பந்தம் செய்தார். கறுப்பினத்தாருள் அவ்வாறு ஒப்பமிட்ட முதல்வருள் அவர் ஒருவர். மற்றொரு மாணவரான சாம் ஜோன்ஸ், பின்னர்ப் பாஸ்டன் அணியில் ஆடிப் பத்து முறை பட்டம் வென்ற அணிகளில் இடம்பெற்றார்.

மூன்று ஆண்டுகள், மூன்று பட்டங்கள்

தமக்கென அரங்கு அமைத்துக்கொண்டோம் என்று பொது அரங்கின்மேல் உள்ள உரிமையை விட்டுவிடலாமா? மெக்லெண்டன் விடவில்லை. கறுப்பினக் கல்லூரிகளை நாடு தழுவிய போட்டிகளில் சேர்க்க வேண்டும் என்று அவரும் பிற பயிற்சியாளர்களும் குழு அமைத்து முறையிட்டனர். பெரிய கல்லூரிகளின் சங்கம் செவிசாய்க்கவில்லை. சிறு கல்லூரிகளின் தேசிய அமைப்பு செவிசாய்த்தது. 1953-இல் கறுப்பினக் கல்லூரி தன் தொடரில் ஆட வழி திறந்தது.

வர்ஜீனியாவில் ஈராண்டு பணியாற்றிய மெக்லெண்டன் 1954-இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள டென்னசிக் கறுப்பினக் கல்லூரிக்கு வந்தார். அவ்வாண்டில் கான்சாஸ் நகரில் நடந்த போட்டிக்கு அவர் அணிக்கு அழைப்பு வந்தது. ஆடுகளத்தில் இடம் உண்டு. ஆனால் மற்ற அணிகள் தங்கும் நகர விடுதிகளில் கறுப்பினத்தார் தங்கும் வழக்கம் அன்று இல்லை. மெக்லெண்டன் நிபந்தனை விதித்தார்: எல்லா அணிகளும் தங்கும் இடத்தில் எம் பிள்ளைகளும் தங்க வேண்டும், அவர்கள் உண்ணும் இடத்தில் இவர்களும் உண்ண வேண்டும், இல்லையேல் வரமாட்டோம். அமைப்பாளர்கள் இசைந்தனர். அணி சென்றது. தாம் வளர்ந்த ஊரின் பக்கத்து நகரிலேயே, தாம் சிறுவனாயிருந்தபோது நுழைய முடியாத விடுதிக்குள் அவர் தம் மாணவர்களை அழைத்துச் சென்றார்.

எண்ணிப் பாருங்கள். ஆட அழைப்பு வந்ததே பெரிது, விடுதியைப் பற்றிப் பேசி வந்த வாய்ப்பைக் கெடுக்கலாமா என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். தன் மாணவன் களத்தில் சமமானவன், உணவு மேசையில் தாழ்ந்தவன் என்பதை ஆசிரியர் ஒப்புக்கொண்டால், மாணவன் கற்பது எந்தப் பாடம்? மெக்லெண்டன் இதனை நன்கறிந்திருந்தார்.

சிறு கல்லூரிகளின் தேசியத் தொடரில் 32 அணிகள் ஆடின. ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டங்களை வென்றால்தான் பட்டம். 1957-இல் மெக்லெண்டனின் அணி இறுதி ஆட்டத்தில் 92-க்கு 73 என்று வென்றது. இனக் கலப்புள்ள தேசியத் தொடரொன்றில் கறுப்பினக் கல்லூரி பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 1958-இல் 85-க்கு 73, மீண்டும் பட்டம். 1959-இல் 97-க்கு 87, மூன்றாம் பட்டம். தொடர்ந்து மூன்றாண்டுகள் தேசியப் பட்டம் வென்ற முதற் கல்லூரிப் பயிற்சியாளர் அவரே. பெரிய கல்லூரிகளின் பட்டத்தை, ஐந்து கறுப்பின வீரர்களோடு களமிறங்கிய ஓர் அணி முதன்முதலாக வென்றது 1966-இல். நாடு அந்த ஆண்டைத்தான் பெரிதும் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு ஒன்பதாண்டுகள் முன்னரே கிடைத்த வெற்றி பலர்க்குத் தெரியாமல் போயிற்று.

அவ்வணியின் தலைசிறந்த வீரர் டிக் பார்னெட். பின்னர் நியூயார்க் அணியில் ஆடி 1970, 1973 ஆகிய ஆண்டுகளில் பட்டம் கண்டார். அதைவிட நமக்கு உவப்பான செய்தி ஒன்றுண்டு: ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் கல்வித் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். தம் பழைய அணிக்கு உரிய பெருமை கிடைக்க வேண்டும் என்று முதிய வயதில் பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் உழைத்தார்.

பிற்கால வாழ்வு

1959-க்குப் பின் மெக்லெண்டன் கிளீவ்லாந்து நகரின் பைப்பர்ஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். 1961-இல் அவ்வணி தொழில்முறைக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, இனக் கலப்புள்ள தொழில்முறைக் கூட்டமைப்பொன்றில் முதற் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அணியின் உரிமையாளரோடு வீரர்களின் ஊதியம் பற்றிப் பூசல் எழுந்தது. 1962 தொடக்கத்தில், பருவத்தின் நடுவிலேயே அவர் பதவி விலகினார். வீரர்க்குரிய கூலி நிற்கும்போது தமக்கு மட்டும் பதவி வேண்டியதில்லை என்பது அவர் முடிவு.

பின்னர்க் கென்டக்கியில் மூன்றாண்டு பணியாற்றி, 1966-இல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளரானார். வெள்ளையர் பெரும்பான்மையாகப் பயிலும் பல்கலைக்கழகத்தில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தார் அவர். அங்கு முன்போல் வெற்றிகள் குவியவில்லை. 1969-இல் டென்வர் நகரின் தொழில்முறை அணிக்குச் சென்றார். 28 ஆட்டங்களிலேயே அப்பணி முடிவுற்றது. இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் முன்னோரைப் பற்றி எழுதும்போது தோல்விகளை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் நமக்குண்டு. அது இளைஞர்க்கு நன்மை செய்யாது. தோல்வி கண்டவரும் பெரியவராகவே இருக்க முடியும் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பயிற்சிக் குழுவிலும் அவர் பணியாற்றினார். முதுமையில் கிளீவ்லாந்துப் பல்கலைக்கழகத்திற்கே திரும்பி, விளையாட்டு வரலாற்றில் சிறுபான்மையினர் ஆற்றிய பங்கு பற்றி மாணவர்க்குப் பாடம் நடத்தினார். 1999 அக்டோபர் 8-ஆம் நாள், 84-ஆம் வயதில் மறைந்தார்.

கடைசிப் பாதிக் கதவு ஒன்று எஞ்சியிருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித்தின் பெயரால் கூடைப்பந்துப் புகழ் மன்றம் ஒன்று உண்டு. 1979-இல் மெக்லெண்டனை அதில் சேர்த்தனர். ஆனால் ‘பயிற்சியாளர்’ என்ற பிரிவில் அன்று. ‘ஆட்டத்தின் வளர்ச்சிக்குத் துணைபுரிந்தவர்’ என்ற பிரிவில். மூன்று தேசியப் பட்டங்களும் 500-க்கு மேற்பட்ட வெற்றிகளும் அவரைப் பயிற்சியாளர் என்று அழைக்கப் போதவில்லை! அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2016-இல்தான் அவர் பயிற்சியாளராகவும் சேர்க்கப்பட்டார். 2019-இல் டென்னசி அணி முழுவதும் அம்மன்றத்தில் இடம்பெற்றது. 2024-இல், எஞ்சியிருந்த முதிய வீரர்கள் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டுச் சிறப்புச் செய்யப்பட்டனர். பட்டம் வென்று அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டு டிக் பார்னெட்டும் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கவை

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை உங்கள்முன் வைத்து இவ்வுரையை முடிக்கிறோம்.

முதலாவது, சேர்க்கை வேறு. சமமாக இருத்தல் வேறு. நம் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் சேர்கிறார்கள். அவ்வுரிமைக்காக நம் முன்னோர் பட்ட பாடு சிறிதன்று. ஆயினும் விடுதி அறையிலும் உணவு மேசையிலும் ஆய்வுக்கூடத்திலும் ஆடுகளத்திலும் ஒதுங்கி நிற்கும்படி நேர்ந்தால், ‘இவ்வளவு கிடைத்ததே போதும்’ என்று அமைய வேண்டாம். பாதிக் கதவு என்பதற்காக வெளியே நின்றுவிடவும் வேண்டாம். உள்ளே செல்லுங்கள், சென்றபின் மறுபாதியையும் கேளுங்கள்.

இரண்டாவது, கேட்கும் வாய்க்குப் பின்னால் உழைத்த உடலும் கற்ற அறிவும் நிற்க வேண்டும். மெக்லெண்டன் விடுதியில் இடம் கேட்டபோது, வெல்லத்தக்க அணி அவரிடம் இருந்தது. ஆனால் ஒன்றைத் தவறாகக் கொள்ளலாகாது. வென்றால்தான் மரியாதை கேட்கலாம் என்பதன்று அவர் கொள்கை. மரியாதை பிறப்புரிமை, அவர் அதனை முதற் பட்டம் வெல்வதற்கு மூன்றாண்டுகள் முன்னரே கேட்டார். உரிமையைக் கேட்பதும் பயிற்சியைக் கைவிடாதிருப்பதும் இரு கால்கள் போல. ஒற்றைக் காலால் ஓட இயலாது.

மூன்றாவது, எழுதிவையுங்கள். 1944-இன் அந்த ஆட்டம் அச்சத்தால் மறைக்கப்பட்டது. உயிரோடிருந்தோரைத் தேடி ஒருவர் கேட்டிராவிட்டால், அது அவர்களோடே அழிந்திருக்கும். நம் தெருவில் முதன்முதல் பள்ளிக்குச் சென்றவர் யார்? அவரை எங்கே உட்காரவைத்தார்கள்? இரவுப் பள்ளிக்கு விளக்கு வாங்கித் தந்தவர் யார்? விடுதிக்கு அரிசி திரட்டித் தந்த தாய்மார்கள் யார் யார்? இவற்றை அறிந்தோர் இன்று இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோல்விகளையும் சேர்த்தே எழுதுங்கள். வெள்ளி விழா மலரில் படங்களும் வாழ்த்துகளும் இருப்பது அழகு; அவற்றோடு இச்செய்திகளும் இருப்பது கடமை.

நம் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். நூலகத்திற்கு இடம் தேடும்போது, அதன் அருகே பிள்ளைகள் ஓடியாட ஒரு களத்திற்கும் இடம் தேடுங்கள். இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் பெருஞ்செலவாகா. அங்குப் பிள்ளைகளைப் பழக்க, பொறுமையும் கண்டிப்பும் உள்ள ஓர் ஆசிரியர் முன்வருவாராயின், அவர் செய்வதும் கல்விப் பணியே ஆகும்.

தன் பள்ளி அணியில் இடம் கிடைக்காத சிறுவன் ஒருவன் களத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தைக் கற்றான். பின்னர்த் தன் மக்களைக் களத்தின் நடுவில் நிறுத்தினான். நம் இடையேயும் இன்று ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் பலர் உளர். அவர்களைக் கண்டறிந்து கைப்பிடித்து அழைத்துவருவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.